தகரம் பழகின பெடியள்

மாமாவின் கராஜ் வாசலில் ஒரு அறிவித்தல் தொங்குகிறது. பழைய வான் ஒன்றின் கதவிலிருந்து சதுரமாக வெட்டியெடுத்த தகரத்தில் கறுப்புப் பெயின்ற்றால் எழுதியது: ‘தகர வேலை பழக ஆள் தேவை.’ தொங்கவிட்டு மூன்று வருசமாகிறது. எழுத்து வெயிலில் மங்கிவிட்டது. இந்த மூன்று வருசத்தில் அதைப் பார்த்து உள்ளே வந்தவர்கள் மொத்தம் நாலு பேர். மூன்று பேர் ஒரு கிழமைகூட நிற்கவில்லை. நாலாவது பெடியனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தொழில்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலாளியிலிருந்தோ இயந்திரத்திலிருந்தோ தொடங்குவார்கள். எனக்கு அந்தத் தகரத்தைப் பார்க்கும்போதெல்லாம் வேறொரு கேள்விதான் வருகிறது. இதைப் பழக வந்த பெடியள் யார்? எந்தக் காலத்தில் வந்தார்கள், எப்போது வராமல் விட்டார்கள்? யாழ்ப்பாணத்தில் இதற்குப் பதில் தேடிப் போனால் அது கராஜுக்குள் இல்லை. துறைமுகத்திலும் சோதனைச் சாவடியிலும் போய் நிற்கிறது. சாமான் வருகிற கதவு எப்போதெல்லாம் பூட்டப்பட்டதோ, அப்போதெல்லாம் இங்கே தகரம் தட்டுகிற சத்தம் கூடியிருக்கிறது. கூடவே பழக வருகிற பெடியளும். கடைசித் தடவை மட்டும்தான் அப்படி நடக்கவில்லை.

தகரம் என்ற சொல்லே ஒரு வேடிக்கை. பழைய தமிழில் அது வெள்ளீயத்தின் பெயர். இரும்புத் தகட்டுக்கு மேலே மெல்லிசாக வெள்ளீயம் பூசி வந்த பொருளுக்கு நாங்கள் பூச்சின் பெயரையே வைத்துவிட்டோம். பிறகு துத்தநாகம் பூசிய தகடு வந்தது. அதற்கும் அதே பெயர்தான். இரும்பில் துத்தநாகம் பூசும் முறைக்கு சொரெல் என்ற பிரெஞ்சுக்காரர் 1837இல் காப்புரிமை எடுத்தார். அதற்குச் சில வருசம் முதல், 1829இல், லண்டன் துறைமுகத்தில் வேலை செய்த பாமர் என்ற பொறியியலாளர் தகட்டை நெளித்தால் அது தன் பாரத்தைத் தானே தாங்கும் என்று கண்டு அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் எங்கட கூரைத் தகரம். மலையகத்தில் அது லயங்களுக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் மேலே ஏறியது. வடக்கில் கிடுகுக்கும் ஓலைக்கும் பக்கத்தில் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது.

கூரையைவிட முக்கியமான விருந்தாளி மண்ணெண்ணெய் ரின். நாலு கலன் கொள்ளுகிற சதுர ரின்கள், மரப்பெட்டிக்கு இரண்டாக அடுக்கப்பட்டு, அமெரிக்காவிலிருந்து ஆசியா முழுக்கப் போயின. எண்ணெய் முடிந்த பிறகு ரின்னை யாரும் எறியவில்லை. தண்ணி அள்ளும் வாளி, பூவாளி, புனல், கைவிளக்கு, உண்டியல் என்று அது வேறு வேறு உருவம் எடுத்தது. கத்தரிக்கோல், மரச் சுத்தியல், ஈயம் ஒட்டுகிற சூட்டுக்கோல் இந்த மூன்றையும் வைத்திருக்கிற ஒரு ஆள் இருந்தால் போதும்.

யார் அந்த ஆள் என்பதுதான் எனக்குச் சுவாரசியமான இடம். பொன்னுக்குத் தட்டார், பித்தளைக்குக் கன்னார், இரும்புக்குக் கொல்லர், மரத்துக்குத் தச்சர் என்று எங்கட சமூகம் உலோகத்தையும் மரத்தையும் பிறப்போடு கட்டி வைத்திருந்தது. வேலை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். வெளியாள் பழக முடியாது. தகரம் பிந்தி வந்தது. அதற்கென்று ஒரு சாதி இருக்கவில்லை. அதனால் சாதி இல்லாத பொருள் என்று சொல்ல வரவில்லை. கன்னார் வார்த்த மூக்குப்பேணி மேல்வீட்டுத் திண்ணைக்கு என்றால், தேநீர்க் கடையில் ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தனியாக வைத்திருந்தது சிரட்டையும் தகரப் பேணியும்தான். 1960களின் தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்கள் இதை எதிர்த்து நடந்தவை. ஆனால் தகர வேலையைப் பழக வருகிறவனிடம் உன்ர தகப்பன் என்ன வேலை என்று கேட்கப் பரம்பரைக் காரணம் இருக்கவில்லை. கராஜ்கள் பெருகியபோது இது இன்னும் கூடியது.

இங்கிலாந்தில் தொழில் பழகுவது காகிதத்தில் எழுதிய ஒப்பந்தம். 1563இல் வந்த ஒரு சட்டம் குறைந்தது 7 வருசம் பழகாமல் ஒருவர் அந்தத் தொழிலைச் செய்யக்கூடாது என்றது. அந்தப் பகுதியை நீக்கியது 1814இல். லண்டன் தகரத் தொழிலாளர் சங்கம் 1670இல் அரச பட்டயம் பெற்றது. எங்களுக்கு வந்தது அந்த வேலை மட்டும்தான். காகிதம் வரவில்லை. தாய் பெடியனைக் கையில் பிடித்துக் கூட்டிப்போய், “இவனை உங்களிட்ட விடுறன் அண்ணை, ஒரு தொழிலைக் காட்டி விடுங்கோ” என்று சொன்னால் அதுதான் ஒப்பந்தம். எத்தனை வருசம் என்று ஒருவரும் சொல்வதில்லை. எவ்வளவு சம்பளம் என்று ஒருவரும் கேட்பதில்லை. வேலை காட்டுகிறவரை ‘பாஸ்’ என்பார்கள். டச்சுக்காரர் விட்டுப்போன சொல் அது. ஆங்கிலக் கந்தோர்களில் உட்கார்ந்திருக்கிற ‘பொஸ்’ஸும் அதே டச்சுச் சொல்லின் பிள்ளைதான். ஒருவருக்குக் கையில் சுத்தியல், மற்றவருக்குக் குளிரூட்டி.

முதல் கதவு பூட்டப்பட்டது 1960களிலும் 70களிலும். வெளிநாட்டுச் செலாவணி இல்லை என்று இறக்குமதியை அரசாங்கம் இறுக்கியது. புதுக் கார் வாங்குவது கனவாகிப் போனது. ஓடிக்கொண்டிருந்த ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் எல்லாம் சாக அனுமதிக்கப்படாத கார்களாகின. மட்காட் உக்கினால் புது மட்காட் இல்லை. தகட்டிலிருந்து அடித்துத்தான் எடுக்க வேண்டும். டிங்கரிங் என்ற தொழிலுக்கு அது நல்ல காலம். ஆங்கிலத்தில் டிங்கர் என்றால் ஊர் ஊராய்ப் போய்ப் பாத்திரத்து ஓட்டையை அடைக்கிற ஆள். இலங்கையில் அதே சொல் காரின் உடம்பைக் கட்டுகிற வேலைக்குப் பெயராகியது. தரம் உயர்ந்த ஒரு சொல் என்று வைத்துக்கொள்ளலாம்.

மாமாவின் பாஸ் அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு கராஜில் பழகியவர். சிங்கள பாஸ் ஒருவரிடம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. யப்பான் வாகனங்களும் பிளாஸ்ரிக் வாளிகளும் வந்தன. வாளி செய்தவர்களின் கதை அதோடு முடியத் தொடங்கியது, கார் தட்டியவர்கள் எப்படியோ தப்பினார்கள். 1983 ஜூலையில் அவர் வேலை செய்த இடம் எரிந்தது. அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது கையில் ஒரு சுத்தியல்கூட இல்லை என்று மாமா சொல்லுவார். ஆனால் கொழும்பில் இருபது வருசம் படித்த கை இருந்தது. அந்தக் கலவரம் எத்தனையோ தொழில் தெரிந்த கைகளை இப்படி வடக்குக்குத் தள்ளிவிட்டது. எங்கட பெடியளுக்கு அவர்கள் ஆசிரியர்களானார்கள். இப்படிச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, எரித்தவனுக்கு நன்றி சொல்கிற மாதிரி. ஆனால் நடந்தது அதுதான்.

1984இல் மாமா அவரிடம் போய்ச் சேர்ந்தார். வயது 16. ஓ.எல். சரிவரவில்லை. முதல் ஆறு மாசம் அவர் தகரத்தைத் தொடவே இல்லை. கராஜ் கூட்டினார், தேத்தண்ணி வாங்கினார், வெட்டுத் துண்டுகளைப் பருமன் பார்த்துப் பிரித்தார். பருமனுக்குச் சொல்கிற கேஜ் எண் தலைகீழானது. எண் கூடக் கூடத் தகடு மெல்லிசாகும். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆறு மாசம் விரலால் தடவித் தடவிப் பிரித்ததில் 20க்கும் 24க்கும் உள்ள வித்தியாசம் கண் மூடியபடி தெரிந்தது. அதுதான் பாடம் என்று அவருக்குப் பிறகுதான் விளங்கியது.

அடுத்தது குழாய். வாய் 7 அங்குலம் அகலமுள்ள ஒரு குழாய் செய்ய எவ்வளவு தகடு வேண்டும்? பள்ளிக்கூடத்தில் மாமாவுக்கு ஏறாத 22/7 இங்கே ஒரு நாளில் ஏறியது. ‘ஏழுக்கு இருபத்திரண்டு’ என்று பாஸ் சொல்லுவாராம், வாய்ப்பாடு மாதிரி. மாமா 22 அங்குலம் வெட்டினார். சுருட்டினார். இரண்டு விளிம்பும் முத்தமிட்டன, ஆனால் மடித்துக் கோர்க்க இடமில்லை. ஒரு துண்டுத் தகடு போச்சு. பாஸ் அடிக்கவில்லை. அந்த மாசம் வெத்திலைக் காசை மட்டும் பிடித்துக்கொண்டார். விளிம்புகளைக் கொக்கி மாதிரி மடித்து ஒன்றுக்குள் ஒன்று கோர்த்து அடிக்கிற மூட்டுக்கு, மூட்டின் அகலத்தைப் போல மூன்று மடங்கு தகடு கூட விட வேண்டும். கால் அங்குல மூட்டுக்கு முக்கால் அங்குலம். ஆகவே 22 அல்ல, 22¾. மாமா இன்றைக்கும் கடையில் மிச்சக் காசு எண்ணும்போது “முக்கால் விட்டனியோ?” என்று கேட்பார். எங்கட வீட்டில் அது ஒரு பழமொழியே ஆகிவிட்டது.

கார் உடம்பு தட்டுவது வேறு உலகம். இடிபட்ட தகடு நசிவது மட்டுமில்லை, பெருத்தும் விடும். வெளியே சுத்தியல், உள்ளே உள்ளங்கைக்குள் அடங்குகிற கனத்த இரும்புக் கட்டி. அதை டொலி என்பார்கள். இரண்டும் தகட்டின் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். பெருத்த இடத்தில் காஸ் சுவாலையால் சின்னதாக ஒரு பொட்டுச் சிவக்கக் காய்ச்சி, சுற்றித் தட்டி, ஈரச் சீலையால் உடனே ஒற்றினால் அது சுருங்கும். அளவுக்கு மிஞ்சிக் காய்ச்சினால் தகடு பப்படம் மாதிரி நெளியும். கண்ணை விடக் கைதான் நம்பகம் என்று பாஸ் தகட்டின் மேல் ஒரு துணியை விரித்து அதன் மேலால் தடவச் சொல்லுவார். பள்ளம் இருந்தால் விரல் சொல்லும். புட்டி பூசிப் பள்ளத்தை மறைக்கிறவர்களை அவர் ‘மேக்கப்காரர்’ என்பாராம்.

இரண்டாவது கதவு 1990இல் பூட்டப்பட்டது. மின்சாரம் நின்றது. ரயில் நின்றது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் அந்த வருசத்தோடு நின்றது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, இரும்பு என்று தடைப் பட்டியல் நீண்டது. ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி உங்கட அம்மாக்கள் சொல்லியிருப்பினம். போத்தலின் அடியில் பஞ்சு, கொஞ்சம் மண்ணெண்ணெய், நடுவில் ஒரு துண்டுத் தகரத்தை மடித்துச் செருகின திரி. அந்த மடித்த தகரம்தான் அக்காலத்தின் ஆகச் சின்னத் தகர வேலை. எத்தனையோ பேர் அதன் வெளிச்சத்தில் ஏ.எல். படித்துப் பல்கலைக்கழகம் போனார்கள். பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மறுபடி உயிர் பெற்றன. காபரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட அவைதான் இடம் கொடுத்தன. உக்கிய இடத்துக்கு உதிரிப்பாகம் தெற்கிலிருந்து வராது. இன்னொரு செத்த காரிலிருந்து வெட்டி ஒட்ட வேண்டும். கராஜில் அந்த வருசம் மாமாவோடு பழகியவர்கள் ஆறு பேர்.

அதே வருசத்தில் நடந்த இன்னொன்றை மாமா லேசில் பேசமாட்டார். கராஜுக்குத் தகடு வந்தது சோனகத் தெருப் பக்கம் பழைய இரும்புக் கடை வைத்திருந்த ஒரு நானாவிடமிருந்து. கடனுக்குத் தருவார். எந்தத் தகடு எந்த வாகனத்துக்குப் பொருந்தும் என்று பாஸை விட அவருக்குத்தான் தெரியும். பழக வந்த பெடியளைத் தன் குவியலுக்குள் விட்டுத் தேட விடுவாராம். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். அவர் போனார். கடையில் தகடுகள் கிடந்தன. அவற்றை எடுத்து வேலை செய்தவர்களில் தானும் ஒருவர் என்று மாமா ஒரே ஒரு தடவை எனக்குச் சொன்னார். அந்தக் கடன் கொப்பியில் தங்கட பெயர் இருந்தது என்றும். எங்கட சுயசார்புக் கதைகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கொப்பி ஞாபகம் வரும். தடையை வென்ற கெட்டித்தனம் உண்மை. அந்தக் கெட்டித்தனத்துக்குள் இன்னொருவரின் தகடும் இருந்தது, அதுவும் உண்மை.

1995 ஒக்ரோபர் 30, வலிகாமம் வெறுமையானபோது மாமா சைக்கிளில் கொண்டுபோனது இரண்டு சுத்தியலும் ஒரு டொலியும். பாஸ் தென்மராட்சியில் காலமானார். ஆறு பேரில் இருவர் கனடா, ஒருவர் சுவிஸ், ஒருவர் இயக்கத்துக்குப் போய்த் திரும்பவில்லை. அடுத்த வருசம் ஊருக்குத் திரும்பி மறுபடி தொடங்கியவர் மாமா மட்டும்தான். ஒருவரைப் பற்றி இன்றைக்கும் தகவல் இல்லை.

இதையெல்லாம் வாசித்துவிட்டு அது ஒரு பொற்காலம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாமாவுக்கு வலது காது பாதிதான் கேட்கும். துத்தநாகம் பூசிய தகட்டைக் காய்ச்சும்போது எழும்புகிற வெள்ளைப் புகையை இழுத்தால் இரவில் குளிர்காய்ச்சல் அடிக்கும். பால் குடித்தால் போய்விடும் என்று சொல்லிப் பாலைக் குடித்துவிட்டு அடுத்த நாளும் அதே புகைக்குள் போனார்கள். முகமூடி என்ற ஒன்றை அவர்கள் கண்டதே இல்லை. மாமா 16 வயதிலாவது போனார். அவரோடு நின்றவர்களில் 12 வயதுப் பெடியனும் இருந்தான். இலங்கையில் வேலைக்குச் சேர்க்கக்கூடிய ஆகக் குறைந்த வயது 14ஆக இருந்து, 2021இல்தான் 16 ஆக்கப்பட்டது. சம்பளமில்லாத அந்தப் பழகுகாலத்தை ‘குருகுலம்’ என்று புகழ்கிறவர்கள் தங்கட பிள்ளையை அதற்கு அனுப்புவார்களா என்று கேட்க வேண்டும்.

காகிதமும் நாட்டில் இல்லாமல் இல்லை. தொழில் பழகுநர் சட்டம் 1971இலேயே வந்து அதற்கென ஒரு சபையும் அமைந்தது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தோடு அது இன்றைய ‘நைட்டா’ ஆகியது. 1990! இங்கே மின்சாரம் போன அதே வருசம். பிறகு என்.வி.கியூ. என்ற 7 மட்டச் சான்றிதழ் முறை வந்தது. பள்ளிக்கூடம் போல வகுப்பிருந்து படிக்காமல் வேலையில் பழகியவர்களுக்கும் அதில் வழி உண்டு. முன்பு கற்றதைச் சோதித்து அங்கீகரிப்பார்கள். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. மாமாவும் விண்ணப்பித்தார். செய்முறைக்கு ஒரு பெட்டி செய்யச் சொன்னார்களாம், அது அவருக்குத் தேத்தண்ணி குடிக்கிற நேர வேலை. சிக்கல் கோப்பில் வந்தது. இதுவரை செய்த வேலைகளுக்கு ஆதாரம், படங்கள் கேட்டிருந்தார்கள். 1992இல் யார் படம் எடுத்தது? பிலிம் ரோலே வராத ஊரில், விளக்குத் திரியையும் மட்காட்டையும் யார் படம் எடுத்து வைத்தது? கடைசியில் நான்தான் அவரின் கடந்த ஒரு வருச வேலையைத் தொலைபேசியில் படமெடுத்துக் கோப்புக் கட்டிக் கொடுத்தேன். சான்றிதழ் கிடைத்தது. முப்பத்தைந்துக்கு மேற்பட்ட வருசத்தில் அந்த ஒரு வருசத்துக்குத்தான் ஆதாரம் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியது அந்தக் கோப்பை ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான்.

மூன்றாவது கதவு 2020 மார்ச்சில் பூட்டப்பட்டது. வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. நாங்கள் பார்த்த கதைதான் மறுபடி. பழைய கார் பொன்னானது, கராஜுக்குள் நிறுத்த இடமில்லாமல் வீதியில் வரிசை நின்றது. மாமா அந்த அறிவித்தலை எழுதித் தொங்கவிட்டது அப்போதுதான். ஆனால் இந்தத் தடவை கதவு ஒரு பக்கம்தான் பூட்டியிருந்தது. சாமான் உள்ளே வராது, ஆட்கள் வெளியே போகலாம். 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து போனார்கள். 1990இல் வெளியே போவதே ஒரு பயணக் கதை. இப்போது அது ஒரு விண்ணப்பம். மாமாவுக்குக் கோபம் வருகிறது, “இஞ்ச காசு கிடக்குது, எடுக்க ஆள் இல்லை” என்கிறார். எனக்கு அந்தப் பெடியளிடம் கோபிக்க முடியவில்லை. கராஜுக்குப் போகிறவன் படிப்பு ஏறாதவன் என்று இந்த ஊர் எத்தனை வருசமாகச் சொல்லியிருக்கிறது! கலியாணம் பேசும்போது டிங்கரிங் என்று சொல்லத் தயங்கி ‘ஒட்டோமொபைல் ஃபீல்ட்’ என்று சொன்ன வீட்டை எனக்குத் தெரியும். எங்கட வீடுதான்.

நாலாவது பெடியன். வட்டக்கச்சிப் பக்கத்திலிருந்து வந்தவன், தங்கி நின்று பழகினான். எட்டு மாசம். கேஜ் பிரிக்க விட்டார், குழாய் செய்ய விட்டார், 22 அங்குலம் வெட்டிப் பிழை விட விட்டார். மாசம் ஒரு தொகை சம்பளமும் முகமூடியும் கொடுத்தார். அவர் பாஸிடமிருந்து மாறின இரண்டு விசயம் இவை. டொலி பிடிக்கத் தொடங்கிய நேரத்தில் கத்தாருக்கு விசா வந்தது. மாமா ஒரு கிழமை யாருடனும் பேசவில்லை.

அங்கே அவனுக்குக் கிடைத்த வேலை கட்டடங்களுக்குக் குளிர்காற்றுக் குழாய் செய்வது. முழுக்கத் துத்தநாகத் தகடு. போன ஞாயிறு நான் கராஜில் நின்றபோது அவனின் குரல் பதிவு ஒன்று வந்தது. மாமாவுக்குச் சரியாகக் கேட்காது என்று நான்தான் தொலைபேசியைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்தேன். “அண்ணை, ஒரு பக்கம் சதுரம், மற்றப் பக்கம் வட்டம். விரிப்பு எப்பிடிப் போடுறது? இஞ்ச மெஷின்தான் வெட்டும், இண்டைக்கு மெஷின் பழுது. போர்மன் என்னைப் பாக்கிறார்.” மாமா ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்ச் சோக் கட்டி எடுத்தார். சீமெந்து நிலத்தில் ஒயில் கறை இல்லாத ஒரு இடம் தேடிக் குந்தினார். சதுரத்தைக் கீறி, வட்டத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து, மூலையிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் கோடிழுத்து முக்கோணம் முக்கோணமாக விரித்துக்கொண்டு போனார். அரை மணித்தியாலம் பிடித்தது. விளிம்புக்கு வந்ததும் பக்கத்தில் பெரிசாக ‘¾’ என்று எழுதினார்.

“படம் எடு” என்றார். எடுத்து அனுப்பினேன்.